சாங்தாங்கில் சாங்பா இடையர்களுக்கு நடுவே கூடாரம் போட: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி லடாக்கின் தென்கிழக்கில் இருக்கும் சாங்தாங் மேட்டுநிலத்துக்கானது. ரும்ட்சே ஊரில் தொடங்கி, த்சோ கர் ஏரியைத் தொட்டு, த்சோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக் வரை நடக்கும் பாதையை வைத்து எழுதியிருக்கிறேன். ஏழெட்டு நாள் நடை. கூடாரம் போடும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே 4,400 மீட்டருக்கு மேலே, கடைசிக் கணவாய் 5,400 மீட்டரைத் தாண்டும். நடுவில் கடை இல்லை, மரம் இல்லை. அக்கம்பக்கம் என்று இருப்பவர்கள் பஷ்மினா ஆடும் யாக் மாடும் மேய்க்கும் சாங்பா குடும்பங்கள்தான்.

சமவெளியிலிருந்து வரும் புதியவர்களோடு இந்தப் பாதையில் நடந்திருக்கிறேன். பொருள் போதாமல் தடுமாறியவர்கள் குறைவு. செய்ய வேண்டியதை முன்பின்னாகச் செய்து தடுமாறியவர்களே அதிகம். உடம்பு பழகும் முன் கிளம்புவார்கள், கேட்கும் முன் கூடாரம் அடிப்பார்கள். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. மாதம் குறியுங்கள்

ஜூலை தொடக்கம் முதல் செப்டம்பர் நடு வரை சரியான காலம். அதற்கு முன் கணவாய்களில் பனி கிடக்கும். அதற்குப் பின் இரவுக் குளிர் தாங்காது. ஜூலை, ஆகஸ்டிலும்கூட விடிகாலையில் தண்ணீர்ப் புட்டி உறைந்திருப்பதைப் பார்க்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. சாங்பாக்கள் ஆண்டுக்குப் பலமுறை இடம் மாறுகிறவர்கள். கோடையில் உயரமான பக்கப் பள்ளத்தாக்குகளில் இருப்பார்கள். கோர்சோக்குக்கு மேலே கோர்சோக் பூ என்றொரு மேய்ச்சல் வெளி இருக்கிறது. ‘பூ’ என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கின் மேல்பகுதி. போன ஆண்டு கூடாரங்கள் இருந்த இடத்தில் இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள். புல் எப்படியோ அப்படித்தான் அவர்களும்.

பயண நாட்களோடு இரண்டு நாள் கூடுதலாகச் சேருங்கள். ஒன்று உடம்புக்கு, ஒன்று வானிலைக்கு. திரும்பும் விமானச்சீட்டு நெருக்கமாக இருந்தால், தலைவலியோடு கணவாய் ஏறும் முடிவை அந்தச் சீட்டே எடுத்துவிடும்.

2. லே நகரில் உடம்பைப் பழக்குங்கள்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். கடல் மட்டத்து ஊரில் காலையில் விமானம் ஏறி, அன்றே 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரில் இறங்குகிறீர்கள். உடம்புக்கு அது புரிய நாளாகும். 4,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் அறுபது சதவீதம்கூட இருக்காது.

முதல் நாள் முழுக்க ஓய்வு. இரண்டாம் நாள் ஊருக்குள் மெல்ல நடை. மூன்றாம் நாள் பக்கத்துக் குன்றுகளில் ஏறி, இரவு தூங்க லேவுக்கே இறங்கிவிடுங்கள். பகலில் ஏறி இரவில் இறங்கித் தூங்கினால் உடம்பு சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. நான்கு இரவு லேவில் கழித்தபின், ரும்ட்சேயில் இரண்டு இரவு தங்குங்கள். ரும்ட்சே சுமார் 4,200 மீட்டர், லேவிலிருந்து ஒரே தாவல். 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இரண்டு இரவு தங்குவது அந்தத் தாவலை ஈடுகட்டத்தான்.

உயரத்தால் வரும் உடல்நலக் கேட்டுக்கான அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். டயமாக்ஸ் என்று கடையில் கிடைப்பது அதுதான். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, சல்பா ஒவ்வாமை இருந்தால் சொல்லி, அவர் சொன்ன அளவில் எடுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஓய்வு நாட்களைக் குறைப்பவர்களை நான் கூட்டிப்போவதில்லை.

இந்தப் பாதையில் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மற்ற மலைகளில் உடம்பு கெட்டால் கீழே இறங்கலாம். இங்கே டிசலிங் போன்ற இடத்தில் மாட்டினால், முன்னே போனாலும் பின்னே போனாலும் ஒரு கணவாய் ஏறித்தான் இறங்க முடியும். இறங்க முடியாத இடத்துக்குப் போகும் முன்பே உடம்பு தயாராக வேண்டும்.

3. அனுமதி, கைபேசி, தப்பும் வழி

சீன எல்லைக்கு அருகே உள்ள பகுதி இது. இந்தியக் குடிமக்களுக்கான உள்எல்லை அனுமதி விதி 2021-இல் தளர்த்தப்பட்டது. ஆனாலும் சுற்றுச்சூழல் கட்டணம், சோதனைச் சாவடி எல்லாம் உண்டு, நடைமுறையும் அவ்வப்போது மாறும். லேவில் இருக்கும் ஓய்வு நாளில் நேரில் கேட்டு முடித்துவிடுங்கள். ஆதார் அட்டை நகல் நான்கைந்து கையில் இருக்கட்டும்.

வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேலை செய்யும், ஆனால் பாதையின் பெரும்பகுதியில் சிக்னலே இல்லை. சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இரண்டையும் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டு நண்பர் கொடுத்தார் என்று எடுத்து வராதீர்கள். ட்ரோனும் வேண்டாம். எல்லைப் பகுதி என்பது ஒரு காரணம். அந்தச் சத்தத்தில் ஆடுகள் சிதறும் என்பது இன்னொன்று.

அப்புறம், லேவில் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்: எந்த நாள் எந்த இடம், எந்தத் தேதிக்குள் தகவல் வராவிட்டால் வண்டி அனுப்ப வேண்டும். பாதி வழியில் த்சோ கர் பக்கத்துக்கு வண்டிப் பாதை வருகிறது. முடியாதவர்களைத் திருப்பி அனுப்பத் தோதான இடம் அதுதான். ‘த்சோ கர் வந்ததும் எல்லாரையும் கேட்டு முடிவெடுப்போம்’ என்று குழுவில் முதலிலேயே பேசிவையுங்கள். அங்கே போன பிறகு பேசினால், விலக நினைப்பவருக்கு வாய் வராது.

4. குதிரைக்காரரோடு பேசி முடியுங்கள்

எட்டு நாள் சாப்பாட்டை இந்த உயரத்தில் முதுகில் சுமக்க முடியாது. சுமைக் குதிரைகளோடு உள்ளூர்க்காரர் ஒருவரை அமர்த்துங்கள். அவர் திரும்பி நடக்கும் நாட்களுக்கும் கூலி உண்டு. இதை முதலில் கேட்காமல், கோர்சோக்கில் வந்து கணக்குப் பேசி மனம் கசந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

குதிரைக்காரர் சுமை ஏற்றுவதற்கு மட்டும் இல்லை. யார் குடும்பம் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும், எந்த ஓடை இந்த ஆண்டு வற்றிவிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குதிரைகள் இரவில் மேயும், அது யாருடைய புல் என்பதும் அவருக்குத்தான் தெரியும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க அந்தப் பக்கம் பழக்கமில்லாத ஆளைக் கூட்டி வந்தால், இது எதுவும் கிடைக்காது.

5. மூட்டை

காற்றுக்குத் தாங்கும் தாழ்வான கூடாரம், மைனஸ் 10 டிகிரிக்கான உறக்கப்பை, அடியில் போட நல்ல தடித்த பாய். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து அதிகம் ஏறும். பாயில் சிக்கனம் பிடித்தால் விலை உயர்ந்த உறக்கப்பையும் வீண்தான்.

அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், லேவில் வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். மலையில் இரவு அதை உறக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் மின்னூட்டம் சீக்கிரம் இறங்கும். கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்களிம்பு, வெயில் களிம்பு மூன்றும் கட்டாயம். காற்று குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, மாலையில்தான் முகம் எரியும்.

சிறிய பிரஷர் குக்கர் ஒன்று எடுங்கள். காரணம் எட்டாவது பகுதியில்.

கிடைக்காரர்களுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று கேட்பார்கள். லேவில் கிடைக்கும் காய்கறி, பழம், நல்ல தேயிலை. மேட்டுநிலத்தில் பச்சைக் காய் அபூர்வம், இரண்டு கிலோ தக்காளி கொடுத்தால் வீடே மகிழும். பிள்ளைகளுக்கு மிட்டாய் இறைக்காதீர்கள். பல் மருத்துவர் லேவில்தான் இருக்கிறார். எதையும் பெரியவர் கையில் கொடுங்கள்.

6. கிடையை நெருங்கும்போது

தூரத்தில் யாக் முடியில் நெய்த கறுப்புக் கூடாரம் தெரியும். அதன் பெயர் ரெபோ. இப்போது வெள்ளைத் துணிக் கூடாரங்களும் நிறைய. பார்த்ததும் ஆசையாக நேரே நடக்காதீர்கள், நாய் வரும். ஓநாயையும் பனிச்சிறுத்தையையும் விரட்டப் பழகிய நாய் அது.

நூறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ‘ஜுலே’ என்று உரக்கக் கூப்பிட்டு, யாராவது வெளியே வரும்வரை காத்திருங்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன், மூன்றுக்கும் ஜுலேதான். நாய் ஓடி வந்தால் முதுகு காட்டி ஓட வேண்டாம். நின்று, குனிந்து கல் எடுப்பதுபோல் செய்தாலே பெரும்பாலும் நிற்கும். இருட்டிய பிறகு தனியாக அந்தப் பக்கம் போகவே கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, பயணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு வெறிநாய்த் தடுப்பூசிக்கு லே திரும்ப வேண்டும். சிறு கீறல் என்று நடையைத் தொடர்வது உயிரோடு விளையாடுவது.

வருகிறவரை வயது பார்த்துக் கூப்பிடுங்கள். அக்கா வயதுக்காரர் ஆச்சே-லே, அண்ணன் வயதுக்காரர் ஆச்சோ-லே. அம்மா வயதென்றால் ஆமா-லே. பாட்டி ஆபி-லே, தாத்தா மேமே-லே. கடைசியில் வரும் ‘லே’ மரியாதைக்கு. அதை விடாதீர்கள்.

பிறகு கேளுங்கள்: இன்றிரவு இங்கே தங்கலாமா, எங்கே கூடாரம் போடலாம், குதிரைகள் எங்கே மேயலாம். எந்தக் குடும்பம் எந்த மேய்ச்சலுக்கு எப்போது போகும் என்பதை அவர்களுக்குள் தேர்ந்தெடுத்த தலைவர் ஒருங்கிணைக்கிறார். அவருக்குக் கோபா என்று பெயர். சில இடங்களில் அவரைக் கேட்கச் சொல்வார்கள், கேளுங்கள்.

7. கூடாரத்துக்கு இடம் பார்ப்பது

முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன். நாள் முழுக்கக் கல்லும் மண்ணும் பார்த்து நடந்தபின், ஓடையோரம் பச்சைப்பசேலென்று ஒரு புல்தரை தெரிந்தது. ஆள் யாரும் இல்லை. நான்கு கூடாரம் அடித்து, தேநீர் போட்டு உட்கார்ந்தோம். ஐந்து மணிக்கு மேட்டைத் தாண்டி முந்நூறுக்கும் மேற்பட்ட ஆடுகள் இறங்கி வந்தன. நாங்கள் இருந்தது அவை தண்ணீர் குடிக்கும் வழி. கூடாரக் கயிறுகளைக் கண்டு மிரண்டு பாதி மந்தை மேடேறிவிட்டது. ஆடுகளோடு வந்த பாட்டி எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை நீட்டி, மேலே இருந்த சரளைத் தரையைக் காட்டிவிட்டு ஆடுகளைத் திரட்டப் போய்விட்டார். பலத்த காற்றில் நான்கு கூடாரத்தையும் பிரித்து மேலே கொண்டுபோனோம். அவர் மந்தையைச் சேர்த்து முடிக்க இருட்டிவிட்டது.

ஆளில்லாத புல்வெளி என்று சாங்தாங்கில் ஒன்று கிடையாது. இன்று வெறுமையாகத் தெரியும் புல், அடுத்த மாதம் ஒரு குடும்பம் வருவதற்காக விட்டுவைத்தது. மழை மிகக் குறைந்த அந்த நிலத்தில் மிதிபட்ட புல் அதே ஆண்டில் எழுவதில்லை. கோடையில் ஆடு உடம்பில் ஏற்றிக்கொள்ளும் கொழுப்புதான் அதைக் குளிர்காலம் தாண்டவைக்கிறது. 2013-இன் தொடக்கத்தில் கடும்பனி கொட்டி ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. அந்தக் கணக்கில் வைத்துத்தான் அவர்கள் ஒவ்வொரு புல்தரையையும் பார்க்கிறார்கள்.

எனவே இடம் பார்க்கும் முறை இது. பச்சையை விட்டுச் சரளைத் தரைக்கு ஏறுங்கள். ரெபோவிலிருந்து இருநூறு மீட்டராவது தள்ளி இருங்கள். மந்தை தங்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே போடாதீர்கள். தரையில் ஆட்டுத்தடம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் அது வழி. ஓடையின் கீழ்ப்பக்கம் இருங்கள், உங்கள் கழிவுநீர் அவர்கள் குடத்துக்குப் போகக்கூடாது. கல்லை அடுக்கிய பழைய வட்டச் சுவர்கள் காற்றுக்கு மறைவாகத் தோன்றும். அவை ஒரு குடும்பத்தின் கூடாரத்தளமாகவோ குட்டிகளின் பட்டியாகவோ இருக்கும். கேட்காமல் உள்ளே போடக்கூடாது.

ஏரிக்கரை ஆசை எல்லாருக்கும் வரும். த்சோ மோரிரி 2002-லும், த்சோ கர் 2020-லும் ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. கருங்கழுத்துக் கொக்கு த்சோ கர் சதுப்பில் கூடு கட்டுகிறது. த்சோ மோரிரிக் கரையில் கூடாரம் போடத் தடை உண்டு, கோர்சோக் ஊர்ப்பக்கம் அனுமதித்த இடத்தில்தான் தங்க வேண்டும்.

இரண்டு மணிக்குள் இடம் சேர்ந்துவிடுங்கள். மதியத்துக்குமேல் காற்று எழும். பனி உருகி ஓடைகளும் அப்போதுதான் பெருகும், காலையில் கணுக்கால் அளவு ஓடிய நீர் மாலையில் முழங்காலுக்கு மேல் போகும். ஓடை கடக்கும் நாளில் விடிந்ததும் கிளம்பக் காரணம் அதுதான். ஆணி இறங்காத தரை என்றால், கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றி மேலே இன்னொரு கல் வையுங்கள்.

8. தண்ணீர், அடுப்பு, சோறு

இரண்டு பெரிய ஏரிகளின் நீரும் உப்பு. அதை நம்பிக் குடத்தைக் காலியாக விட்டு நடந்தவர்கள் இருக்கிறார்கள். ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் மேலே மந்தை இருக்கும், கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி சுற்றிலேயே கொதித்துவிடும். மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் குடிக்கப் போதும், அரிசி வேகப் போதாது. குக்கர் இல்லாமல் வைத்த சோறு வெளியே குழைந்து உள்ளே அரிசியாகவே இருக்கும். பருப்பு வேகவே வேகாது.

ரவை உப்புமா, அவல், புளிக்காய்ச்சல் போட்டுக் குக்கர் சோறு, கடலை மிட்டாய், பேரீச்சை. இவை எனக்குக் கைகொடுத்தவை. உயரத்தில் பசி மங்கும், பழகிய ருசி இருந்தால்தான் நாலு வாய் இறங்கும்.

குளிர்கிறதென்று கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். விறகுக்காகக் கட்டைச் செடிகளைப் பிடுங்குவதும் கூடாது. அடுக்கி வைத்த சாணம் தெரிந்தால், அது ஒரு வீட்டின் குளிர்கால எரிபொருள்.

9. ரெபோவுக்குள் கூப்பிட்டால்

கூப்பிடுவார்கள். காட்டிய இடத்தில் உட்காருங்கள். நடுவில் அடுப்பு, வாசலுக்கு எதிரே உள்பக்கம் வழிபாட்டு இடம். அடுப்புப் பக்கமோ வழிபாட்டு இடத்தின் பக்கமோ காலை நீட்டாதீர்கள், அடுப்பைத் தாண்டாதீர்கள். அடுப்புத் தீ அவர்களுக்குத் தெய்வம் இருக்கும் இடம். காகிதமோ மிட்டாய் உறையோ அதில் போடுவது பெரிய அவமதிப்பு.

வெண்ணெய்த் தேநீர் வரும், உப்பாக இருக்கும். சூப் என்று நினைத்துக் குடித்தால் முதல் வாயே பிடித்துப்போகும். ஒரு வாய் குடித்ததும் நிரப்புவார்கள். போதும் என்றால் நிறைந்த கோப்பையை அப்படியே வைத்திருந்து, எழும்போது குடித்துவிடுங்கள். புதியவர்கள் மரியாதை என்று எண்ணி ஒவ்வொரு முறையும் காலி செய்கிறார்கள், அவர்களும் ஓயாமல் ஊற்றுகிறார்கள்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். தயிரோ பாலாடைக்கட்டியோ வாங்கினால் விலை கொடுங்கள். பேரம் வேண்டாம்.

10. காலையில் விலகி நில்லுங்கள்

விடிந்ததும் ஆடுகளை எதிரெதிராக நிறுத்தி, கழுத்தோடு கழுத்து பின்னினாற்போல் ஒரே கயிற்றில் கட்டி, பெண்கள் பின்னாலிருந்து கறந்துகொண்டே போவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் தள்ளி நின்று. புது ஆளும் பளபளக்கும் சட்டையும் பக்கத்தில் வந்தால் ஆடு பாலை அடக்கிக்கொள்ளும். அன்றைய நேரமும் போச்சு, பாலும் போச்சு. மந்தை மேய்ச்சலுக்குப் போன பிறகு, பத்து மணி வாக்கில் போனால் உட்கார்ந்து பேச ஆள் இருப்பார்கள்.

11. ஒவ்வொரு மாலையும் ஒரு சோதனை

சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் கேளுங்கள்: தலைவலி, குமட்டல், மயக்கம், நேற்றுத் தூங்கினீர்களா? தலைவலியோடு இன்னொன்றும் சேர்ந்தால் அவர் மறுநாள் ஏறக்கூடாது. அங்கேயே ஓய்வு.

ஒரு காலின் குதியை மற்றதன் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் விடாமல் வந்தால் நுரையீரலில். இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, குதிரையில் ஏற்றி, வண்டி வரும் இடத்துக்கு, அங்கிருந்து லே மருத்துவமனைக்கு. கோர்சோக்கிலிருந்து லே 200 கிலோமீட்டருக்கு மேல். இடையர்களிடம் சொல்லுங்கள். எந்தக் கூடாரத்தில் வண்டி நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

12. கிளம்பும் காலை

குப்பை முழுவதும், கழிப்பறைக் காகிதம் உட்பட, உங்களோடு லே திரும்ப வேண்டும். குளிர்ந்த வறண்ட மண்ணில் எதுவும் எளிதில் மக்காது, ஆடு பிளாஸ்டிக்கைத் தின்னும். மலம் கழித்த குழி தண்ணீரிலிருந்து அறுபது மீட்டருக்கு மேல் தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் மூடியிருக்க வேண்டும். கூடாரத்துக்கு வைத்த கற்களை எடுத்த இடத்தில் பரப்பிவிடுங்கள். அறுந்த கயிற்றுத்துண்டு ஒன்றுகூடக் கிடக்கக்கூடாது, அது குட்டியின் காலைச் சுற்றும்.

கணவாய்களில் கற்குவியலும், வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர்களும் வரும். அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள்.

படம் எடுத்திருந்தால் அனுப்புகிறேன் என்று சும்மா சொல்லாதீர்கள், அவர்கள் காத்திருப்பார்கள். லே திரும்பியதும் அன்றே அச்சுப் போட்டு, உறைமேல் குடும்பப் பெரியவர் பெயரும் கிடை இருந்த இடமும் எழுதி, குதிரைக்காரரிடமோ கோர்சோக் போகும் வண்டியிலோ கொடுத்துவிடுங்கள்.